இடப் பலகை, வலப் பலகை

எங்கள் அப்பார்ட்மென்றின் குளியலறையில் ஒரு நீளமான தொட்டி இருக்கிறது. கனடாவில் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. அதற்குள் படுத்துக்கொண்டு குளிப்பார்கள் என்று வந்த புதிதில் சொன்னபோது நான் நம்பவில்லை. தன் உடம்பு அழுக்குக் கரைந்த தண்ணீரிலேயே ஒரு மனிதன் கிடப்பானா என்று அருவருத்தேன். கழிந்த குளிர்காலம் முழுதும் சனிக்கிழமை காலைகளில் அந்தத் தொட்டியை நிரப்பி, பலகை மிதக்கவிட்டுப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அரை முழ நீளப் பலகை. அதன் அடியில் ஒரு ஈயத் துண்டைத் திருகாணியால் பூட்டி மிதக்கவிடுவேன். மூக்குத் தாழ்ந்தால் எடுத்துக் கழற்றி, ஈயத்தை அரை விரலளவு பின்னுக்குத் தள்ளிப் பூட்டுவேன். வீட்டில் நாங்கள் ஐந்து ஆண்கள், குளியலறை ஒன்று. உணவகத்தில் கோப்பை கழுவப் போகும் சிவம் அண்ணை கதவில் குத்துவார். “உள்ளுக்கை என்ன கப்பலே ஓட்டுறாய்? வெளியிலை வா தம்பி, எனக்கு பஸ் போகப்போகுது.”

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஒருவருக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தவறியதன் கதைதான் இது. இங்கே இதற்கு பிளேனர் போர்ட் என்று பெயர். ஒன்ராறியோ ஏரியில் படகை மெல்ல ஓட்டிக்கொண்டு, பின்னால் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, இழுத்தபடி மீன் பிடிப்பார்கள். ஏரி என்று பெயரே தவிர அக்கரை கண்ணுக்குத் தெரியாது. வசந்த காலத்தில் சமன் மீன் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் மேயும். படகின் இரைச்சல் கேட்டால் விலகி ஓடிவிடும். ஆகவே தூண்டிலைப் படகுக்குப் பின்னால் விடாமல், பக்கவாட்டில் தூரத்துக்கு அனுப்பவேண்டும். அதற்குத்தான் பலகை. தங்கூசியைக் கொஞ்சத் தூரம் விட்டபின் பலகையை அதில் கவ்வவைத்துத் தண்ணீரில் இறக்கினால், அதன் சாய்வான முகத்தில் தண்ணீர் மோதித் தள்ள, பலகை விலகி விலகி நூறு அடிக்கு அப்பால் போய்விடும். போய் நின்று, படகு போகும் வேகத்தில் படகோடு கூடவே வரும். இடப்பக்கத்துக்கு ஒரு பலகை, வலப்பக்கத்துக்கு ஒரு பலகை. இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் சாய்வு எதிரெதிர். மாறிப் போட்டால் வெளியே போகவேண்டியது படகுக்கு அடியில் வந்து புகும்.

முதல் நாள் நான் மாறித்தான் போட்டேன். தங்கூசி படகின் விசிறியில் சுற்றி, என்ஜின் முக்கி முனகி நின்றது. படகுக்காரர் வோல்ற்றர் குப்புறப் படுத்து, அரை மணி நேரம் கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். ஸ்காபரோவில் யன்னல் சட்டங்கள் செய்யும் பட்டறையில் அவர் எனக்கு மேற்பார்வையாளர். அறுபது வயது. மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, ஒஷாவாத் துறையில் ஒரு சிறு படகு நிற்கிறது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் நாடு எது என்று கேட்டார். சொன்னேன். “தீவா? அப்படியென்றால் உனக்குப் படகு தெரியும்” என்றார். தலையாட்டிவிட்டேன். இல்லை என்று சொல்லி ஏன் இல்லை என்று விளக்குவதற்கு அப்போது என் ஆங்கிலம் காணாது.

உண்மையில் எனக்குப் படகும் தெரியாது, கடலும் தெரியாது. எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதித்தால் கடல் வந்துவிடும், ஆனால் நாங்கள் அங்கே போவது மீன் வாங்கத்தான். எங்கள் வீட்டாருக்கு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசத் தெரியும். பிடிப்பது வேறு ஆட்களின் பாடு. அதில் ஒரு சாதித் திமிர் இருந்தது என்பதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மா மீனில்லாமல் சோறு தின்னமாட்டார். அதே அம்மா, பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கோட்டை விட்டபோது, “படிக்காட்டிக் கடலுக்குத்தான் போகவேணும்” என்று வெருட்டினார். மீன்காரர் காதில் விழுந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

எப்படியோ நான் வோல்ற்றரின் ஆளானேன். சனிக்கிழமைதோறும் என்னை ஸ்காபரோவில் ஏற்றிக்கொண்டு ஒஷாவாவுக்கு ஓட்டுவார். வலப்பக்கத் தூண்டில் தடிகளும் பலகைகளும் என் பொறுப்பு. கடையில் வாங்கும் பலகை அப்படியே சரிவராது என்பதை அவரிடம் கண்டுகொண்டேன். பலகையில் தங்கூசியைக் கவ்வ இரண்டு கிளிப் உண்டு. சமன் அடித்தால் முன் கிளிப் உடனே விட்டுக்கொடுக்கவேண்டும், பின் கிளிப் விடவே கூடாது. விட்டால் பலகை ஏரியோடு போய்விடும். ஆகவே முன்னதில் வழுக்கலான றப்பரும் பின்னதில் ஒரு வளையமும் போட்டோம். கிழக்கே குவின்ரி விரிகுடாவுக்கு வோல்ஐ பிடிக்கப் போனால் கதை வேறு. அது சோம்பேறி மீன். கவ்விக்கொண்டு சும்மா இழுபட்டு வரும், பலகை அசையாது, மீன் இருப்பதே தெரியாது. அதற்காகப் பலகைக்கு மேலே ஸ்பிரிங் வைத்து ஒரு சின்னக் கொடி பூட்டினோம். மீன் சற்றுப் பாரம் கொடுத்தால் கொடி பின்னுக்குச் சாயும். அந்த ஸ்பிரிங்கின் இறுக்கம் என் யோசனை. யன்னல் பட்டறையில் கழித்துப்போட்ட ஸ்பிரிங்குகளில் தேடி எடுத்தேன். “இவன் தலையைப் பாருங்கள்” என்று துறையில் நின்றவர்களுக்கெல்லாம் வோல்ற்றர் காட்டினார். அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த அந்த வருடங்களில், என்னை ஒருவர் பெருமையாகக் காட்டியது அங்கே மட்டுந்தான். சனிக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ளினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒரே கேள்விதான். அக்கா எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அது இருக்கும்: “நீ சாப்பிடுறியோ எண்டு அம்மா கேக்கிறா. மெலிஞ்சிட்டாய் எண்டு கனவு கண்டவவாம். ஒரு படம் அனுப்பு.” நான் நன்றாக இருக்கிறேன் என்று எத்தனை தரம் எழுதினாலும் அவர் நம்பவில்லை. ஆனால் அனுப்பத்தக்க படம் என்னிடம் இருக்கவில்லை. ஐந்து பேர் நிலத்தில் மெத்தை போட்டுப் படுக்கும் வீட்டில் எந்த மூலையில் நின்று எடுத்தாலும் வறுமை தெரிந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டு வைகாசியில் ஒரு சனிக்கிழமை, என் வலப்பக்கப் பலகை திடீரென்று பின்னுக்கு இழுபட்டது. இருபது நிமிடம் போராடி ஏற்றினேன். என் கால் நீளத்துக்கு ஒரு சமன். வோல்ற்றர் தன் செம்மஞ்சள் றப்பர்க் களிசானை எனக்கு மாட்டி, மீனை இரண்டு கையிலும் தந்து, படம் எடுத்தார். குளிர்காற்றில் கன்னம் இரண்டும் சிவந்து, வாய் நிறையச் சிரித்தபடி நான். முழங்கைவரை இரத்தம். பின்னால் பலகைகள், கயிறு, நுரை. வீட்டில் எல்லோரும் பார்த்தோம். “உந்தப் படத்தைத்தான் அனுப்பவேணும். கொம்மா பாத்தாவெண்டா இனிக் கேக்கமாட்டா” என்றார் சிவம் அண்ணை. அனுப்பினேன்.

அந்தப் படம் யாழ்ப்பாணத்தில் எப்படித் தெரியும் என்பது எங்கள் ஐந்து பேரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயப்படுத்துகிறது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பது என்று ஒன்று எங்கள் ஊரில் இல்லை. றப்பர்க் களிசான் போட்டு, இரத்தத்தோடு, படகில் நிற்பவன் தொழிலாளி. அதுவும் அந்த நாளில் கடலுக்குப் போனவர்கள் கடற்படையிடம் சுடுபட்டுத் திரும்பாத செய்தி ஊரில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. சில வருடத்துக்குள் இதையெல்லாம் நாங்கள் எப்படி மறந்தோம்? போரில் தரைப்பாதை மூடிக் கிடந்ததால், கொழும்புக்கு வந்து கப்பலேறித்தான் கடிதம் யாழ்ப்பாணம் போகவேண்டும். புரட்டாதியில் பதில் வந்தது. அம்மா தன் கையாலேயே எழுதியிருந்தார், எழுத்துக்கள் கோணல்மாணலாக.

“ராசா, படம் கிடைச்சது. உவ்வளவு படிச்சும் உன்னைக் கடலுக்கு விட்டிட்டனே. சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய், எனக்காகச் சிரிக்கிறாய் எண்டு தெரியும். அந்தக் கடலிலையும் சுடுறவங்களோ? ஆருக்கும் படத்தைக் காட்டேல்லை. பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன். வேறை வேலை ஒண்டு பார் அப்பன்.”

வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அன்றிரவே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். இது தொழில் இல்லை, விளையாட்டு. இது கடல் இல்லை, ஏரி. தண்ணீர் உப்பே இல்லை. என் வேலை யன்னல் பட்டறையில். பிளேனர் போர்ட் என்றால் என்ன, அது ஏன் விலகிப் போகிறது, கொடி எப்படிச் சாயும் எல்லாம் எழுதி, படமும் கீறினேன். என் ஸ்பிரிங் யோசனையைக்கூட விடவில்லை. “விட்டுவிட்டேன் அம்மா” என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பயந்துபோன ஒரு மனிசிக்கு நான் பலகை கீறி அனுப்பினேன்.

மார்கழிக் கடைசியில் அக்காவின் கடிதம் வந்தது. குளிர்காலத்துக்கு வோல்ற்றர் பலகைகளையெல்லாம் என்னிடம் தந்திருந்தார். சமையலறை மேசையில் அவற்றைப் பரப்பி றப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். திருகாணி முடுக்கியை வைத்துவிட்டு உறையைக் கிழித்தேன். அம்மா ஐப்பசியில், நாலு நாள் காய்ச்சலில், மருந்து கிடைக்காமல் போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் எட்டாம் நாள் எட்டுச் செலவு. போனவருக்கு விருப்பமான எல்லாம் சமைத்து, மீன், இறைச்சி என்று மச்சமும் சேர்த்து, இலையில் படைப்பார்கள். அக்கா அதைப் பற்றித்தான் எழுதியிருந்தார். “உன்ரை நாலு பக்கக் கடிதம் எட்டுக்கு அடுத்த நாள் வந்தது. சின்ன மாமா இரண்டு தரம் வாசிச்சார். ‘அப்ப அவன் கடலுக்குப் போறானோ இல்லையோ?’ எண்டு கடைசியிலை என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஒண்டு உனக்குச் சொல்லவேணும். படம் வந்த அண்டிலையிருந்து அம்மா மீன் தின்னேல்லை. நீ கடலை விட்டால்தான் வாயிலை வைப்பன் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்தவ. உனக்கு எழுதக் கூடாதெண்டு என்னை மறிச்சுப்போட்டா. எட்டுக்கு எல்லாம் படைச்சம், மீன் மட்டும் வைக்கேல்லை. நேர்த்தி முடியேல்லையெல்லோ. நீ தொழிலை விட்டிட்டாய் எண்டால் ஒரு வரி எழுது. ஒரு நாள் பாத்து அவவுக்கு மீன் படைப்பம்.”

செய்தி என் கைக்கு வந்தபோது முப்பத்தொரு நாள் துடக்கும், சாவுத் தீட்டும், கழிந்திருந்தது. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்க் கேட்டேன். இனித் தலை முழுகினால் போதும் என்றார் ஐயர். அழுவதற்கென்று ஒதுக்கிய நாட்களை அவர்களே அங்கே அழுது முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தொட்டியிலிருந்த பலகைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு, வேறு தண்ணீர் நிரப்பி முழுகினேன். அன்றைக்கு ஒருவரும் கதவில் குத்தவில்லை.

“விட்டிட்டன் எண்டு எழுதிவிடன்” என்றார் சிவம் அண்ணை. “எழுதிப்போட்டு நீ உன்ரை பாட்டுக்குப் போ. ஆர் இஞ்சை வந்து பாக்கப்போகினம்?” அது நியாயமான பேச்சுத்தான். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மா மூன்று மாதம் வெறும் கீரையோடும் பருப்போடும் சோறு தின்றிருக்கிறார். ஒரு பொய்யைச் சொல்லி அவர் இலையில் மீன் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்குனியில் அக்காவுக்கு எழுதினேன்: “கடல் தொழிலை விட்டுவிட்டேன். இனிப் போகமாட்டேன். அம்மாவுக்குப் படையுங்கள்.” இந்தத் தரம் விளக்கம் ஒன்றும் எழுதவில்லை.

சித்திரையில் படகை இறக்கும் நாளில் பலகைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி, ஒஷாவாத் துறைக்குப் போனேன். பன்னிரண்டு பலகை, ஈயம் எல்லாம் சரியாக நிறுத்திப் பூட்டியது, புதுக் கொடிகளோடு. வோல்ற்றர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துச் சீட்டியடித்தார். றப்பர்க் களிசானை எனக்கு எறிந்தார். நான் அதை மடித்து அவருடைய இருக்கையில் வைத்தேன்.

“இனி நான் வரமாட்டேன்” என்றேன்.

“ஏன், என்மேல் ஏதும் கோபமா?”

“இல்லை. என் அம்மாவுக்கு விருப்பமில்லை.”

அவர் கையிலிருந்த பலகையைப் பெட்டியில் வைத்தார். “அம்மா இறந்துவிட்டார் என்றுதானே சொன்னாய்?”

“ஓம்” என்று தமிழிலேயே வந்துவிட்டது.

அவருக்கு ஏதோ விளங்கியது, அல்லது விளங்காதென்று விளங்கியது. என் தோளில் தட்டி, “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்றார். துக்கம் ஆறினால் வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நானும் தலையாட்டினேன். தீவு என்றால் படகு தெரியும் என்றபோது ஆட்டியது போலவேதான்.

படகு துறை வாயைத் தாண்டி மெதுவாகத் திரும்பியது. தனி ஆளாக இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. வோல்ற்றர் இடப்பக்கத்துப் பலகையை மட்டும் தண்ணீரில் விட்டார். அது விலகி விலகிப் போய்த் தன் இடத்தில் நின்று, படகோடு கூடவே போயிற்று. வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. என் கடிதம் அந்த நேரம் எந்தக் கப்பலில் கிடந்ததோ தெரியாது. போய்ச் சேர்ந்ததும் அக்கா நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்குவார், அம்மாவின் இலையில் பொரித்து வைப்பார், தம்பி கரையேறிவிட்டான் என்று சின்ன மாமாவுக்குச் சொல்லுவார். ஒரு நாளும் செய்யாத தொழிலை விட்டுவிட்டு, நான் ஸ்காபரோ பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.