பாத்திமாவில் அப்பாவின் முழங்கால்

அப்பாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தபோது நான் வேலையை விட்டேன். அம்மா இல்லை. தம்பி போர்ச்சுகலில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. “வேற யாரு பாத்துப்பாங்க?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேள்வி மாதிரிதான் கேட்டார்கள்.

ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் நான்தான் செய்ய வைத்தேன். திட்டு வாங்கி வாங்கித்தான் அந்தக் காலை மடக்க வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அப்பா கைத்தடி இல்லாமல் லிங்கராஜபுரத்தில் எங்கள் மாதா கோவிலுக்கு நடந்து வந்துவிட்டார். பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது, டாக்டர் கூடாதென்று சொன்னதால் இவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அது அவருக்குப் பெரிய அவமானம். வெளியே வந்ததும் விசாரிப்பவர்களிடமெல்லாம், “மாதா என்னை நடக்க வெச்சுட்டா” என்பார். நான் பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

பழைய ஆபீசிலேயே எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. சேருவதற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தம்பி அப்பாவை அங்கே போர்ச்சுகலில் இருக்கிற பாத்திமா மாதா திருத்தலத்துக்குக் கூப்பிட்டான். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். “முட்டி மட்டும் போட விடாதடா” என்று படித்துப் படித்துச் சொன்னேன். “சரிக்கா” என்றான்.

பாத்திமாவில் நீளமான வெள்ளைக் கல் பாதை ஒன்று இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் அதில் முழங்காலாலேயே மாதாவின் சிற்றாலயம் வரை போவார்கள். தம்பி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டான். கையில் ஜெபமாலையோடு அப்பா முழங்காலால் போய்க்கொண்டிருக்கிறார். குணமான முழங்காலுக்கு நன்றியாம், அதே முழங்காலைக் கல்லில் தேய்த்து! நீலசந்திராவில் இருக்கும் அத்தை, “கண்ணுல தண்ணி நிக்கலடா” என்று குரல் பதிவு அனுப்பினாள்.

பெங்களூரு விமான நிலையத்தில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். வருகிற திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும்.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?”

“நேர்ந்துக்கிட்டேன்ம்மா. மாதாவுக்கு நன்றி சொல்லாம வரலாமா?”

எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். “இந்தத் தடவை நீ வந்து பாருடா. நான் வேலைக்குப் போகணும்.”

“எப்படிக்கா? எனக்கு லீவே கிடைக்காது. நீ வீட்லதானே இருக்கே?”

போனை வைத்துவிட்டேன். பிறகு ஆபீசுக்குப் பேசி, என்னால் சேர முடியாது என்றேன். அங்கே போனை எடுத்த பெண் நல்லவள். “அப்பாவப் பாத்துக்க வேற யாருமே இல்லையா மேடம்?” என்று கேட்டாள்.

“இருக்காங்க, மாதா” என்றேன். போனை வைத்துவிட்டு, அப்பாவின் காலுக்கு ஐஸ் எடுக்கப் போனேன்.