சூளைக்காரர்களின் வஞ்சரம்

பெரிதாக்கிக்கொண்டே போகிறார் சௌகத் அலி. வாட்ஸ்அப்பில் வந்த வஞ்சரம் மீன் கணினித் திரையில் வீங்குகிறது. செவுள் போய், துடுப்பு போய், கடைசியில் சாம்பல் நிறச் சதுரங்கள்தான் மிச்சம். "இதுல கண்ணு எங்க கீது, காட்டு அண்ணாத்த! காட்டிட்டீன்னா பேனரு ஃப்ரீ!"

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பகுதியில் இருக்கும் அவருடைய பேனர் கடைக்கு யார் வந்தாலும் முதலில் இந்தத் தண்டனைதான். மாப்பிள்ளை முகமோ தலைவர் மீசையோ, சதுரம் தெரியும்வரை விடமாட்டார். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி மாதத்துக்கு ஒரு மௌஸைக் கொல்கிறார் என்று பக்கத்து டீக்கடையில் பேச்சு.

இன்று அகப்பட்டவர் சுப்பிரமணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் கபடிக் குழுச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை போட்டி. போன வருடம் இதே படத்தை வேறொரு கடையில் இருபதடிக்கு அடித்துக் கட்டினார்கள். குழுவின் சின்னமான வஞ்சரம், கட்டம் கட்டமாகச் செங்கல் அடுக்கியதுபோல நின்றது. அன்றிலிருந்து பக்கத்துக் குப்பத்துக்கு இவர்கள் 'சூளைக்காரங்க'.

"இந்த வாட்டியும் அப்டி ஆச்சுன்னா ஊருக்குள்ள தலகாட்ட முடியாது பாய். பொண்டாட்டியே 'லோடு செங்கல் இன்னா வெல'ன்னு கேக்குறா!"

"நீ குடுத்தது ராஸ்டர். சில்லு சில்லா ஒட்ன தரை. இழுத்தா சில்லுதான் பெருசாவும். நான் வெக்டர்ல போட்றேன். ஆணி அடிச்சி கயிறு கட்ற மாரி. ஆணிய எம்மாந்தூரம் தள்ளி அடிச்சாலும் கயிறு கூடவே வரும். கோவளத்துலேர்ந்து கல்பாக்கம் வரிக்கும் இழு, ஒரு செதிலு ஒடையாது!"

புள்ளி வைக்க ஆரம்பித்தார். புள்ளிக்குப் புள்ளி கோடு ஓடி வளைந்தது. ஒரு வளைவு முடியும்வரை மூச்சு விடமாட்டார். முதுகு வளைவில் முகமே நாவல்பழமாகிவிட்டது. வால் வந்ததும் சுப்பிரமணி குதித்தார்.

"இன்னா பாய், ஏரி விராலு வால கொண்டாந்து ஒட்டிகீற! வஞ்சரத்துக்கு நல்லா பொளந்துகினு இருக்கும்."

"மீனு உன்து, ஆணி என்து. சொல்லு, எங்க அடிக்கணும்?"

சுப்பிரமணி விரலால் காட்டினார். சௌகத் ஒரே ஒரு புள்ளியை உள்ளே இழுத்தார். வால் பிளந்தது.

பிறகு பழைய சோதனை. மீன் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். சுப்பிரமணி சதுரம் தேடி, மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தார். ஒன்றுகூட இல்லை. வட்டம் வட்டமாகவே இருந்தது.

"ஐயே! இப்பத்தான் கரையில எறக்குன மாரி கீது பாய்!"

சந்தோஷம் தாங்காமல் கைப்பேசியை எடுத்தார். "இரு, போட்டோ புடிச்சி நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்றேன். அடுத்த வருசமும் இதியே வெச்சி பேனரு அடிச்சுக்கலாம்" என்று திரையைக் குறி பார்த்தார்.

நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. சௌகத் அலி கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து, பாடி வருபவனை மறிக்கும் கபடிக்காரரைப் போலத் திரைக்கு முன்னால் நின்றார். "போட்டோ புடிச்சா மறுபடியும் செங்கல்தான் அண்ணாத்த!"