காலால் நிறுத்தும் வண்டி

பேய், ஆவி என்று யாராவது கடையில் பேச ஆரம்பித்தால், பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரை அள்ளித் தெளித்துத் துரத்துகிறவள் நான். காஞ்சிபுரத்தில் அப்பாவுக்குப் பிறகு அவருடைய சைக்கிள் கடையை நான்தான் நடத்துகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் எந்த வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவேன். இதைக் கேட்டால் கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், வாதாட என் உடம்பில் தெம்பில்லை.

என் தம்பி தனசேகர் போன ஆடியில் செத்துப்போனான். அவன் வீட்டுப் பரணில் ஒரு சைக்கிள் கிடந்தது. அப்பா சென்னையில் பழைய இரும்போடு வாங்கி வந்தது. வாலிபத்தில் அவன் அதில் போய்த்தான், தெருமுனையில் சவுக்குக் கட்டை ஏற்றிய மாட்டு வண்டியில் மோதி வலது முட்டியை உடைத்துக்கொண்டான். பிரேக் இல்லாத சனியன் என்று அப்பா அன்றைக்கே அதைப் பரணில் போட்டார். நெசவுக்குப் போய்க்கொண்டிருந்தவன், முட்டி மடங்காமல் தறிக்குழியில் காலை இறக்கி எப்படி மிதிப்பான்? மற்றவர்கள் நெய்ய, தறியில் ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்தே காலத்தை ஓட்டினான்.

வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். பழைய சைக்கிள் விஷயம் தெரிந்த ஒருவர், சரிபண்ணித் தருகிறேன் என்று சென்னையிலிருந்து வந்தார். பெயிண்டைச் சுரண்டி அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கைத் தடவினார்.

"இது இங்கிலீஷ்காரன் செஞ்ச ரேஸ் வண்டிமா. மைதானத்துல வட்டமா ஓட்டுறது. பாருங்க, பிரேக் மாட்ட ஓட்டையே போடல."

"அப்ப எப்டிப்பா நிறுத்துவான்? செவுத்துல போய் முட்டிக்கினா?"

"காலாலதாம்மா. மிதிக்காதப்ப பெடல் நிக்கிறதுக்கு இருக்குற பிரீவீலே இதுக்கு கெடையாது. சக்கரம் சுத்துனா பெடலும் கூடவே சுத்தும், காலைப் பின்னாடி அழுத்துனா சக்கரம் நிக்கும். பல்சக்கரத்து மேல ஒரு வளையம் இருந்திருக்கும், எதிர்ப்பக்கம் திருப்புனாத்தான் கழலும். யாரோ வெவரம் கெட்டவன் அதைக் கழட்டிட்டு பிரீவீல் மாட்டிவெச்சிருக்கான்."

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வளையத்தைக் கழற்றியது நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. மற்றவர்கள் காலை நிறுத்திச் சொகுசாகப் போக, என் தம்பி மட்டும் ஓயாமல் மிதிக்கிறானே, பிரீவீல் இறுகிப்போயிருக்கிறது போல என்று, அவன் எழுந்திருக்கும் முன்னே உளி சுத்தியலோடு உட்கார்ந்தேன். வளையம் எதிர்ப்பக்கம் கழன்றபோது எனக்கு எவ்வளவு கர்வம்! கடையில் கிடந்த வேறு பிரீவீலை எடுத்து மாட்டினேன். அவனே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அவன் அவசரமாக ஏறி மிதித்துப் போனான். தெருமுனையில் காலைப் பின்னாடி அழுத்தியிருப்பான்.

பெடல் சும்மா சுற்றியது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் கேட்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு பொங்கல் சீர் மட்டும் தப்பாமல் கொண்டுவந்தான்.

வந்தவர் சாப்பிடப் போனார். நல்ல உச்சி வெயில். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரீவீலைக் கழுவி எண்ணெய் விட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். டிக்டிக் என்று சத்தம் வந்தது. பெடல் அசையவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

"தனா, நான்தான்டா மாத்துனேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டிக்டிக் நின்றது. சக்கரம் நிற்கவில்லை. பெடலும் கூடவே சுற்ற ஆரம்பித்தது. எண்ணெய் சரியாக இறங்காவிட்டால் பெடல் லேசாக இழுபடும், எனக்குத் தெரியாததா? கையால் பிடித்தால் நின்றுவிடும். பிடித்தேன். அது என் கையையும் சேர்த்துக் கொண்டுபோனது. கையை உதறி எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், யாரோ காலைப் பின்னாடி அழுத்துகிற மாதிரி பெடல் விட்டு விட்டு மெதுவானது, சக்கரமும் அதோடு மெதுவாகி நின்றது.

சாப்பிட்டு வந்தவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். டிக்டிக், பெடல் அசையவில்லை. "பிரீவீல் நல்லாத்தாம்மா கீது" என்றார். நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

பழைய நிறமே அடித்து, கடையில் கொக்கி போட்டு நிமிர்த்தித் தொங்கவிட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சுற்றலாம், டிக்டிக் கேட்கும். நான் சுற்றினால் மட்டும் சத்தமே வராது, பெடலும் கூடவே சுற்றி நிற்கும். அவனுக்குக் கோபமா, இல்லை இப்படித்தான்க்கா நிறுத்தணும் என்று காட்டுகிறானா, தெரியவில்லை. நிற்கும்போது வலது பெடல் எப்போதும் அடியில் வந்துதான் நிற்கிறது, மடங்காத கால் எட்டுகிற இடத்தில்.