இறகு பிடுங்கியவர்

எங்கள் பக்கத்தில் கோழி தலையைத் தொங்கப்போட்டால் வீட்டில் ஒரு அவசரம் வந்துவிடும். செத்துவிட்டால் குழி, உயிர் இருக்கும்போதே அறுத்தால் குழம்பு. வல்லத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான். எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது.

அந்தத் தை மாதம் எங்கள் நாட்டுக்கோழிகளில் இரண்டு, கொண்டை கறுத்து மூலையில் ஒடுங்கின. என் வீட்டுக்காரர் தான் வளர்த்த கோழியைத் தின்ன மாட்டார். அறுக்கவும் தயங்கினார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? சாவறதுக்குள்ள அறுத்துடுங்க."

என் வாய்க்குப் பயந்து அறுத்தார். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, குடலை உருவிக் கொடுத்தார். நான் வக்கணையாகச் சமைத்துத் தின்றேன்.

மறுநாள் மிச்சக் கோழிகளும் செத்துக் கிடந்தன. தெருவிலும் அதே கதை. கால்நடை டாக்டர் முகக்கவசமும் கையுறையுமாக வந்தார்.

"தின்னது நான்தான் சார். அவரு வாயிலயே வெக்கல," என்று முந்திக்கொண்டேன்.

"யாரு தின்னாங்கன்னு கேக்கலம்மா. யாரு அறுத்தது?"

பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார். நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி செத்துவிடுமாம். சீக்குக் கோழியை அறுக்கும்போதும், இறகு பிடுங்கும்போதும், எச்சத்தைக் கூட்டும்போதும்தான் அது கண், மூக்கு வழியாக ஏறுமாம். மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். காய்ச்சல், இருமல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் அடித்தது. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தனி அறையில் படுக்கவைத்து, மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஒரு குழம்புக்காக இந்த மனுஷனைக் கொன்றுவிட்டேனோ என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். போன் செய்து, "ஒனக்கு ஜுரம் இல்லியே?" என்று அவர்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து, சாதாரணக் காய்ச்சல்தான் என்று ரிசல்ட் வந்தது. வீட்டுக்கு வந்து காலிக் கூண்டருகே உட்கார்ந்தார்.

"என் புத்திய செருப்பால அடிக்கணும்," என்றேன்.

"டாக்டர் சொன்னது என் காதுலயே ஏறல. நீ தின்னியே, ஒனக்கு எதுனா ஆயிடுமோன்னுதான் தூக்கமே வரல," என்றார்.

அன்று கத்தியை அவர் கையில் கொடுத்தபோது, நான் கோழியைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.