கூரைக்கு எட்டாத சுவர்

எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டியவனுக்குக் கல் தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து அத்தோடு நின்றுவிட்டது. மேலே தகரம், நடுவில் வெறும் இடைவெளி. அந்த வழியாகக் கருவாட்டு வாசம் வரும், இருமல் வரும், சண்டை வரும், சண்டை முடிந்த பிறகு ஒரு மாதிரியான அமைதியும் வரும். என்னுடையது கடைசிக் காம்பரா. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவும் அவருடைய புருஷனும்.

அப்பா இறந்த பிறகு அம்மா கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்விட்டார். நான் ஹட்டனில் ஒரு கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் றொசல்லவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையேறிக் கதவைத் திறந்தால், காலையில் நான் குடித்துவிட்டு வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். கோப்பையை நகர்த்தி வைக்கக்கூட ஆளில்லாத வீட்டில் ஒருவன் எழுத்தாளன் ஆகாமல் வேறு என்னதான் ஆவான்?

என் ஆரம்பக் கதைகளில் மூடுபனி இருந்தது, இறம்பொடை அருவி இருந்தது, நிலா கட்டாயம் இருந்தது. ஆள்தான் இல்லை. பகலெல்லாம் ஊரார் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் நான் எழுதியதை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கை எடுக்கும் முன்னே “சுப்பர் மச்சான்” என்று பதில் வந்துவிடும். கதையைத் திறக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். யாராவது ஒரே ஓர் ஆள் கடைசி வரி வரைக்கும் என்னோடு வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பரிசு, பொன்னாடை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொன்னாடை போர்த்தும்போது எப்படிக் கூச்சப்படுவது என்று கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஒருவழியாக ஆட்கள் உள்ள கதை ஒன்றைத் தொடங்கினேன். ஒரு பெண் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக நினைக்கிறாள்; புருஷன் விடமாட்டேன் என்கிறான். இரண்டு பேரும் வானொலியில் செய்தி வாசிப்பதுபோலச் சண்டை போட்டார்கள். இது சரிவராது என்று பேச்சையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். புருஷனுக்குக் கட்டைக் குரல். அவளுக்கு மெல்லிய குரல். அழ வேண்டிய இடத்தில் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

சில நாள் கழித்து அக்கா கதவைத் தட்டினார். வழக்கமாக எனக்கென்று இரண்டு ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார். அன்றைக்குத் தட்டில் ரொட்டி அடுக்காக இருந்தது.

“என்னாக்கா இவ்வளவு?”

“அந்தப் புள்ளைக்கும் சேத்துத்தான்.”

“எந்தப் புள்ள?”

“நடிக்காதீங்க தம்பி. உள்ள ஒளிச்சி வச்சிருக்கீங்களே, அதுதான். பாவம், அந்தி ஆனா அழுவுது. கூட்டியாந்தா ஒழுங்கா வச்சிப் பொழைக்கணும். ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?”

பின்னாலிருந்து அவர் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எட்டிப் பார்த்தார். “அதுதான் வெளிநாட்டுக்குப் போறேங்குதில்ல, விட்டுருங்களேன் தம்பி. போயிட்டு வரட்டுமே.”

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அக்கா உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே என் பழைய செருப்பு மட்டும் இருந்தது. வேறு வழியில்லாமல் வாசலில் நின்று, மெல்லிய குரலில், “நான் போகத்தான் போறேங்க, தடுக்காதீங்க” என்றேன். அக்கா ஓரடி பின்வாங்கினார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அட கடவுளே! கோயில்ல வச்சித் தாலி கட்டி வச்சிறலாம்னு தோட்டத் தலைவருகிட்டயே சொல்லிப்புட்டோமே!”

இப்படியாக என் தொண்டைக்கும் எனக்கும் நடக்கவிருந்த கல்யாணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. கூடுதல் ரொட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கிய அக்கா, பாதியில் நின்றார்.

“அது சரி, அந்தப் புள்ள கடைசியில போகுதா, இல்லையா?”

“இன்னும் எழுதலக்கா.”

அடுத்த நாள் மாலை நான் வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்துக் காம்பராவில் டிவி சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் நின்றது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா சமைத்துக்கொண்டே கேட்பார். எனக்கு அதுவே பள்ளிக்கூடமானது. நான் நிலாவைப் பற்றி வாசித்தால் தேங்காய் துருவும் சத்தம் மும்முரமாகக் கேட்கும். அந்தப் பெண் வாய் திறந்தால் துருவல் நிற்கும். துருவல் நிற்காத பக்கங்களையெல்லாம் கிழித்தேன். ஒருமுறை அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இவரு அந்த நெலாவ விடவே மாட்டாரு போல” என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. நிலாவை விட்டேன்.

கதையில் அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய தனி வீடுகளில் ஒன்று அக்காவுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் கொழுந்து பறிக்க ஆளில்லாததால் வீட்டுப் பட்டியலில் எங்கள் பேர் வரவில்லை. அவர்களுடைய அலுமாரியை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன். அக்கா புதுச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

“பாருங்க தம்பி, கூர வரைக்கும் போகுது. இனி ஒருத்தன் தும்முனாலும் நமக்குக் கேக்காது.”

“நல்லதுக்கா” என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். அவ்வளவு காலம் அடுத்தவன் இருமலோடு வாழ்ந்தவர்கள்.

அன்று மாலை காம்பராவுக்குத் திரும்பி வாசித்துப் பார்த்தேன். இடைவெளிக்கு அந்தப் பக்கம் என் குரல் வெறும் அறையைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தாமதமாக என்னிடமே வந்து சேர்ந்தது. அந்தப் பெண் ஸ்டேஷனில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தகரத்தில் மழை அடித்த மாலைகளில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். அப்போது அவளுக்கும் செய்தி வாசிப்பவளின் குரல் வந்துவிடும். ஒரு மாலை, யாருமில்லாத பக்கத்துக் காம்பராவைப் பார்த்து, “அக்கா, கேக்குதா?” என்று கேட்டுவிட்டு நானே வெட்கப்பட்டு அடுப்பை மூட்டப் போனேன்.

எப்படியோ முடிவை எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்களைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மேடேறினேன். அக்கா என்னை விருந்தாளியாக்கிவிட்டார். கதிரை போட்டு, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்து, கைகளை மடியில் கட்டி எதிரே உட்கார்ந்தார். அண்ணன் சட்டை வேறு போட்டுக்கொண்டார். முதல் பக்கம் முடியுமுன்னே அக்கா, “ரொம்ப நல்லாருக்கு தம்பி” என்றார். எனக்கு வாட்ஸ்அப் ஞாபகம் வந்துவிட்டது. தாள்களை மடித்தேன்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

“ஒங்களுக்குப் புடிக்கலக்கா.”

“அப்புடியில்ல. மொகத்துக்கு நேரா நின்னு வாசிச்சா எனக்கு ஒண்ணும் ஏற மாட்டேங்குது. வெளிய போயி நில்லுங்க. நான் வேலயப் பாத்துக்கிட்டுக் கேக்குறேன்.”

சமையலறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். தூறல். புதுச் சுவர் நிஜமாகவே நல்ல சுவர். “சத்தமா வாசிங்க, கேக்கல” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கத்தி வாசித்தேன். மெல்லிய குரலையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாதையில் போன ஒருவர் நின்று, “லொத்தர் சீட்டா விக்கிறீங்க தம்பி?” என்று கேட்டார். கையால் இல்லையென்று காட்டிவிட்டு வாசித்தேன். ரயில் வந்தது. அவள் ஏறினாள். கடைசி வரியையும் வாசித்தேன்.

 உள்ளேயிருந்து அண்ணன் குரல்: “ஏறிட்டாளா?”

“ஏறிட்டாண்ணே.”

ஜன்னல் படாரென்று திறந்தது. அக்காவின் முகம் சிவந்திருந்தது.

“ஏறி எங்க போறா? கொழும்புல அவளுக்கு யாரு இருக்கா? யாரு கூட்டிட்டுப் போறது?”

“அது... அதோட கத முடிஞ்சிருச்சிக்கா.”

“முடிஞ்சிருச்சா? பொம்பளப் புள்ளயத் தனியா ரயில்ல ஏத்திவிட்டுட்டு, நீங்க பாட்டுக்குக் கைய வீசிக்கிட்டு இங்க வந்து நிக்கிறீங்க?”

என் கதையைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு கோபமாகப் பேசியதில்லை. தூறல் மழையாகிவிட்டது. தாள்களை மறுபடி சட்டைக்குள் திணித்தேன்.

“அக்கா, நனையுது. உள்ள வரட்டா?”

“நில்லுங்க அங்கயே. மொதல்ல அவ எங்க எறங்குறான்னு சொல்லுங்க.”