மடியில் வைத்த தாம்பூலப் பை

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். அவலூர்பேட்டையில் வேலையை முடித்துவிட்டு, செஞ்சிக்கு மதிய பஸ் ஏறினேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு சர்வீஸ் செய்வது என் தொழில். முன்பின் தெரியாதவனைக் கதவைத் திறந்து சமையலறை வரைக்கும் விடுகிறார்கள் என்றால், அது நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை போனால் என் பிழைப்பும் போச்சு.

பஸ் முழுக்கக் கல்யாணக் கூட்டம். எல்லார் கையிலும் பொண்ணு மாப்பிள்ளை பெயர் அச்சடித்த ஒரே மாதிரித் தாம்பூலப் பை. எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவன் மடி ஊருக்கே பொது அல்லவா? நின்றவர்கள் பைகளை என் மடியில் இறக்கினார்கள். இரண்டு தாம்பூலப் பை. போதாக்குறைக்கு ஓர் அக்காவின் சாப்பாட்டுத் தூக்கு. "சாம்பாரு இருக்குது தம்பி, சாய்ச்சிடாத" என்று உத்தரவு வேறு. அவர் கல்யாணத்துக்கு வந்தவர் இல்லை. செஞ்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனார்.

பைகளுக்கு மேலே செல்போனை நிறுத்தி, பாதியில் விட்டிருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் உளவாளிப் படம். செய்யாத கொலைக்காக ஒருத்தனைப் போலீஸ் ஒரு பக்கமும் உளவாளிகள் ஒரு பக்கமும் துரத்துவார்கள். அவன் ஓடிக்கொண்டே இருப்பான். எனக்கு அவன் மேல் எரிச்சல். தப்பு செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்? நின்று நடந்ததைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

வழியில் ஒரு நிறுத்தத்தில் நாலைந்து பேர் இறங்கினார்கள். வெளியிலிருந்து யாரோ ஒரு பெண், "அண்ணா, என் பைய குடுங்க" என்று கை நீட்டினார். படத்தில் துரத்தல் உச்சத்தில் இருந்தது. கண்ணை எடுக்காமலே ஒரு பையை எடுத்துக் கொடுத்தேன்.

கோட்டை மலை கண்ணில் படும் நேரம், பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் தன் பையை வாங்கித் திறந்தார். திறந்ததும், "ஐயோ, என் செயினக் காணோமே!" என்று அலறினார். நாத்தனாரிடம் இரவல் வாங்கிப் போட்டுவந்த செயின். கொக்கி கழன்றுபோனதால் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாராம். "இன்னான்னு சொல்லுவேன் அவங்ககிட்ட" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இவந்தான் ஜன்னல் வழியா யாருக்கோ ஒரு பைய குடுத்தான். நான் பாத்தேன்" என்றார் பின்சீட்டுக்காரர்.

"நீ இன்னாய்யா, பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

இரண்டும் இல்லை என்றேன். அவ்வளவுதான். என் தோள்பையைப் பிடுங்கித் திறந்தார்கள். மெஷின் கழற்றும் சாமான்களோடு கட்டிங் பிளேயரும் இருந்தது. செயின் அறுக்கத்தான் அது என்று முடிவே கட்டிவிட்டார்கள். கண்டக்டர், "யாரும் எறங்கக் கூடாது, வண்டி நேரா ஸ்டேஷனுக்குத்தான்" என்றார். நகை காணாமல் போனால் இந்தப் பக்கம் அதுதான் வழக்கம்.

நடந்ததைச் சொன்னேன். ஆனால் என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது. ஒருத்தர் செல்போனில் என்னை வீடியோ எடுக்கத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் இது செஞ்சி முழுக்கச் சுற்றிவிடும். நாளைக்கு எந்த வீட்டில் என்னை உள்ளே விடுவார்கள்?

கடைத்தெரு நெரிசலில் பஸ் நின்றது. படிக்கட்டில் ஆள் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக எழுந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தூக்குக்கார அக்கா.

"ஒக்காரு தம்பி. எறங்கினா நீதான்னு ஆயிடும்."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவுரு எடுக்கல. என் தூக்கு இவுரு மடியில இருந்துச்சு. சாம்பாரு கொட்டிடுமோன்னு ஏறுனதுலேருந்து அதையேதான் பாத்துக்கினு வரேன். எந்தப் பையையும் இவுரு தொறக்கல" என்றார்.

"உனக்குச் சொந்தமா இவன்?"

"சொந்தமா இருந்தாதான் சொல்லணுமா? கண்ணால பாத்தத சொல்றேன்."

ஆஸ்பத்திரி வாசலைப் பஸ் தாண்டியது. கேட்டிருந்தால் அவரை மட்டும் இறக்கிவிட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. "நீங்க இறங்குங்கக்கா" என்று ஒப்புக்குச் சொன்னேனே தவிர, இறங்கிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் சாமியைக் கும்பிட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றதும் அக்கா செயின்காரப் பெண்ணின் கையிலிருந்த தாம்பூலப் பையை வாங்கி அடிவரைக்கும் துழாவினார். தேங்காய், வெற்றிலை, அதற்கும் கீழே துணியில் சுற்றிய பால் புட்டி.

"இது உன்னுதா?" என்று செயின்காரரிடம் கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். "அப்ப கைப்புள்ளக்காரி பையி இது. பை மாறிப்போச்சு. கொழந்தையோட எறங்குனது யாரு?"

மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், "நம்ம மச்சாண்டார் மருமவதான் எறங்கினா" என்று போன் போட்டார். ஸ்பீக்கரில் முதலில் கேட்டது குழந்தையின் அழுகை. அதற்கு மேலே ஒரு குரல்: "பால் புட்டியத் தேடிக்கினு கெடக்கறேன் அத்த! இந்தப் பையில கைக்குட்டையில சுத்தி ஒரு செயினு இருக்குது, யாரோடது?"

ஒரு குழந்தையின் அழுகை எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

கைக்குழந்தைக்காரப் பெண்ணின் கணவர் பைக்கில் செயினைக் கொண்டுவந்து கொடுத்தார். செயின்காரப் பெண் என்னைக் கும்பிட்டு அழுதார், நானும் அழுதேன். வீடியோ எடுத்தவர் என் கண் முன்னாலேயே அதை அழித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு லட்டை என் கையில் திணித்தார். சண்டை போடத் தெம்பில்லை, தின்றுவிட்டேன்.

தூக்கை நானே சுமந்துகொண்டு அக்காவோடு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தேன். சோறு ஆறிப்போச்சே என்று வருத்தப்பட்டேன். "ஆறுனா இன்னா? சுடச்சுடக் குடுத்தாலும் அவுரு திட்டிக்கினேதான் சாப்புடுவாரு" என்று சிரித்தார். வாசலில் தூக்கை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பேரைக்கூடக் கேட்காமல் விட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ முறை அதே பஸ்ஸில் தேடியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

படத்தின் மீதியை அடுத்த வாரம்தான் பார்த்தேன். அவன் ஓடியபோது எனக்கு எரிச்சல் வரவில்லை. சட்டையைப் பிடித்து உட்காரவைக்க ஒரு தூக்குக்கார அக்கா அவனுக்கு வாய்க்கவில்லையே, எனக்கு வாய்த்தாரே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.