ஆடப்போகிறவர்கள் யார்?

கொல்லிமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், சனிக்கிழமை ராத்திரிகளில் சுற்றுவட்டாரத் துரைகள் கூடுவதற்கு ஒரு கிளப் வேண்டும் என்றார். அதில் ஒரு டான்ஸ் ஹால். பிளான் என்னுடையது. மரமும் ஆளும் காளப்பநாயக்கன்பட்டி மரக்கடை பாயுடையது. இருவரும் கூட்டு.

டான்ஸ் என்றால் ஆட்டக்காரிகள் ஆடுவார்கள், துரைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? ஹால் நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகை மேடை, சுற்றிலும் நாற்காலி என்று வரைந்தேன். துரையும் தலையாட்டிவிட்டார்.

"ஆட்டக்காரிங்க துணி மாத்த ஒரு ரூம்பு வேணுமுங்களே, தம்பி. பொறவாசலும் வெச்சிருங்க," என்றார் பாய்.

இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது.

மாமன் மகளை எனக்குத் தை மாதம் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. மாமனுக்குப் புளியஞ்சோலைக்குக் கீழே தோட்டம். டான்ஸ் ஹால் செய்தி காதில் விழுந்ததும் மலையேறி வந்துவிட்டார்.

"கட்டடம் கட்டிட்டுப் போ, மாப்பிள்ளை. ஆனா ஆட்டக்காரியக் கூட்டியாந்தது நீங்க ரெண்டு பேருன்னு தெரிஞ்சுது, என்ற புள்ளைய மறந்துரு."

அவளைத் தவிர இன்னொரு பெண்ணை நான் நினைத்தும் பார்த்ததில்லை. துரை யாரையாவது வரவழைத்தால் அது அவர் பாடு. பாய் வரவழைத்தால் கூட்டாளி நானும் மாட்டிக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்துப் பாய் வாரத்துக்கு ஒருநாள் காணாமல் போனார். ஊருக்குப் போகிறவர் மேற்கே இறங்க வேண்டும். இவர் கிழக்கே, புளியஞ்சோலைப் பாதையில் இறங்கினார். கேட்டால், "ஒரு சோலிங்க," என்பார். துறையூரில் ஆட்டக்காரிகளுக்கு அச்சாரம் கொடுக்கிறார் என்று முடிவுகட்டினேன். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தலைச்சுமையாக ஏற்றிவந்து அந்த ரூமில் மாட்டினார் பாருங்கள், அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

திறப்புவிழா அன்று விளக்கேற்றும் நேரத்தில் நான் பொறவாசலில் காவல் நின்றேன். பாய் வந்தார். கூடவே வந்தது மாமன். நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கிராமபோன் பாடத் தொடங்கியது. துரைகள் எழுந்து துரைசானிகளின் கையைப் பிடித்து மேடையேறினார்கள். ஏறி, ஆடினார்கள். நாற்காலிகள் அத்தனையும் காலி. அடியில் வெற்றிடம் இருந்ததால் பலகை காலுக்கு இதமாகத் துள்ளிக்கொடுத்தது. தோட்டத்துத் துரை வேர்த்து வழிய வெளியே வந்து எங்கள் இருவர் கையையும் குலுக்கினார். ஏற்காட்டுத் துரை ஒருவர் தன் ஊரிலும் இதேபோல் கட்டித்தரச் சொன்னார்.

மாமன் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். "ஏனுங்க பாய், ஆடறவங்க எப்ப வருவாங்க?"

"இவங்கதானுங்க போல இருக்குது."

"அப்பப் பாக்கறதுக்கு?"

"நாமதானுங்க."

மாமன் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"தையிலயே வெச்சுக்கலாம், மாப்பிள்ளை. வாரந்தவறாம இந்தப் பாய் தோட்டத்துக்கு வந்து, தம்பி அப்படிப்பட்ட ஆளில்லீங்க, நம்புங்கன்னு கெஞ்சிட்டுப் போவாரு. கூட்டாளியாச்சே, வேற எப்படிச் சொல்லுவாருன்னு நாந்தேன் நம்பலை."

பாய் இன்னும் ஜன்னலருகே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. பக்கத்தில் போய் நின்று நானும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.